உடைத்துக் காட்டிய சிலம்பு

1999 ஜூன் 11, வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் இரண்டே நாள்தான் திறக்கும், திங்களும் வெள்ளியும். மற்ற ஐந்து நாள் ஊர் கொஞ்சம் தூங்கும். நடை திறக்கிற நாளில் திருச்சி ரோட்டிலிருந்து வேனும் காருமாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது. வெள்ளிக்கிழமை என்றால் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கோயில் பக்கம்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் கூட்டம் கோயிலில் இருந்ததைவிட டீக்கடை டிவி முன்னால் அதிகம். கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தான் தளபதி முஷாரஃப் போனில் பேசியதை நம்ம ஆட்கள் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்துவிட்டார்கள், அதை தில்லியில் வெளியிட்டுவிட்டார்கள் என்று செய்தி. கைதட்டல், விசில். எனக்கும் புல்லரித்தது. பத்து வயதுப் பையனுக்கு உளவாளிக் கதையைவிடப் பெரிய சந்தோஷம் என்ன இருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மிலிட்டரி தாத்தா என்போம். கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மட்டும் கைதட்டவில்லை. "எதுக்குடா வெளிய சொன்னானுங்க?" என்றார், யாரையும் பார்க்காமல். "இனிமே அந்த லைன்ல எவனாச்சும் பேசுவானா?"

கடையில் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நானும் மறந்துதான் போனேன். பல வருஷம் கழித்து, வேலைக்குப் போய், சர்வர் பாதுகாப்பு, பதிவுகள், ஓட்டைகள் என்று புழங்க ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. எதிராளியின் சுவரில் நமக்குத் தெரிந்த ஒரு ஓட்டை இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம், அல்லது ஊருக்குச் சொல்லலாம். சொன்ன அன்றைக்கே அது அடைபடும். அப்படியிருக்க, ஒரு நாடு தன் கையிலிருந்த ஓட்டையை ஏன் மைக் வைத்து அறிவித்தது?

முதலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். 1999 மே 26 அன்று இந்திய விமானப்படை கார்கில் மலைகளில் குண்டுவீச ஆரம்பித்தது. அன்று முஷாரஃப் பெய்ஜிங்கில் ஒரு ஹோட்டல் அறையில் இருந்தார். ராவல்பிண்டியில் இருந்த அவருடைய தலைமைப் பணியாளர் லெப்டினன்ட் ஜெனரல் முகமது அஜீஸ் கான் அவரோடு போனில் பேசினார். மே 29ல் மறுபடியும் பேசினார்கள். குறிமுறை, மறைமொழி எதுவும் இல்லை. வெளிநாட்டுக்குப் போட்ட சாதாரண போன். ஒரு அணு ஆயுத நாட்டின் தளபதி, நடந்துகொண்டிருக்கும் போரைப் பற்றி ஹோட்டல் போனில் பேசுவார் என்று கதையில் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். இரண்டு பேச்சையும் இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ரா பிடித்துவிட்டது.

மலைமேல் இருப்பவர்கள் காஷ்மீர் முஜாஹிதீன்கள், தங்கள் ராணுவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பாகிஸ்தான் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒலிநாடா அந்தப் பொய்யை உடைத்தது. மே 28ல் நம்முடைய ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டது, அதில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். மறுநாள் பேச்சில் அஜீஸ் அதைத் தளபதிக்குச் சொல்கிறார்: நாம் உரிமை கோரவில்லை, முஜாஹிதீன்களை வைத்துக் கோர வைத்திருக்கிறோம் என்கிற தோரணையில். அந்த ஆட்களை எப்போது வேண்டுமானாலும் அடக்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு பேச்சு வருகிறது. நம் ஊர் பாஷையில் சொன்னால், அவங்க குடுமி நம்ம கையில.

நாடா முதலில் சத்தமில்லாமல்தான் போனது. ஜூன் முதல் வாரத்தில் பத்திரிகையாளர் ஆர்.கே. மிஸ்ராவும் வெளியுறவு அதிகாரி விவேக் கட்ஜுவும் அதை இஸ்லாமாபாத் கொண்டுபோய் பிரதமர் நவாஸ் ஷெரீப்புக்குப் போட்டுக் காட்டினார்கள். உங்கள் தளபதி என்ன செய்கிறார் என்று நீங்களே கேளுங்கள் என்பது செய்தி. பிறகு ஜூன் 11 அன்று வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் பத்திரிகையாளர்களைக் கூட்டி அதை உலகத்துக்கே வெளியிட்டார். மறுநாள் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் சர்தாஜ் அஜீஸ் தில்லிக்குப் பேச வருவதாக இருந்தது. வந்தவர் உட்காருவதற்கு முன்பே நாற்காலியை எடுத்த மாதிரி.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. உலக நாடுகள் முஜாஹிதீன் கதையை நம்புவதை விட்டன. ஜூலை 4 அன்று ஷெரீப் வாஷிங்டன் ஓடிப்போய் கிளிண்டனைச் சந்தித்துப் படைகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். அதற்கு நாடா மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். டோலோலிங்கிலும் டைகர் ஹில்லிலும் ஏறிப்போய் மலையைப் பிடித்தவர்கள்தான் முதல் காரணம். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் நாடாவுக்கு எடை இருந்தது. 2006ல் வந்த தன் வரலாற்றில் முஷாரஃபே பாகிஸ்தான் ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டார். நாடா சொன்னது உண்மை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது.

அரசின் ரகசியம் மேலே இருந்து வெளியே வந்தால் அதற்கு ராஜதந்திரம் என்று பெயர். கீழே இருந்து வந்தால் குற்றம். இரண்டுக்கும் நடுவில் எந்தக் கோடு இருக்கிறது என்று தேடிப் போனபோது எனக்கு ஒரு மேஜர் ஜெனரல் கிடைத்தார்.

வி.கே. சிங். மிலிட்டரி தாத்தா இருந்த அதே சிக்னல்ஸ் பிரிவின் அதிகாரி. பிற்பாடு ராவில் தொலைத்தொடர்புப் பக்கம் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2007ல் ராவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ராவின் உள்ளே இருந்த ஒழுங்கீனங்களோடு கார்கில் நாடாவைப் பற்றியும் எழுதினார். அதை வெளியிட்டதால் ஒரு அருமையான வழி அடைபட்டுப் போனது என்பது அவருடைய குறை. கிட்டத்தட்ட டீக்கடை பெஞ்சில் தாத்தா சொன்னதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் சிபிஐ அவர் வீட்டில் சோதனை போட்டது. அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்கு, குற்றப்பத்திரிகை, வருஷக்கணக்கில் நீதிமன்றம். ரகசியத்தை வெளியிட்டது தப்பு என்று எழுதியவர்மேல் ரகசியத்தை வெளியிட்டதாக வழக்கு! வெளியிட்ட அமைச்சர்மேல் எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. 1923ல் வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டம் அனுமதி இல்லாமல் சொல்வதைத்தான் குற்றம் என்கிறது. அனுமதி தருகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால், சொன்ன நொடியில் அது ரகசியம் இல்லை.

ரா அமைப்பில் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு சென்னையில் வாழ்ந்த பி. ராமனும் 2007ல் இதைப் பற்றி எழுதினார். நாடாவை வெளியிட்டது மாபெரும் சாதனையா, மாபெரும் தவறா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார். வாழ்நாள் முழுக்க உளவுத்துறையில் கழித்தவருக்கே கேள்விக்குறி போடத் தோன்றியிருக்கிறது.

இந்தக் கணக்கு கார்கிலில் தொடங்கியதல்ல. 1927 மே மாதம் லண்டனில் ஆர்கோஸ் என்ற சோவியத் வர்த்தக நிறுவனத்தில் போலீஸ் புகுந்தது. பெரிதாக எதுவும் சிக்கவில்லை. ஆனால் மாஸ்கோவோடு உறவை முறிப்பது என்று பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்துவிட்டது. காரணம் காட்ட வேண்டும். பிரதமர் பால்ட்வின் நாடாளுமன்றத்தில் எழுந்து, தங்கள் குறியீட்டு நிபுணர்கள் உடைத்துப் படித்திருந்த சோவியத் தந்திகளை வாசித்தார். சபையில் நல்ல வரவேற்பு. மாஸ்கோவிலும் அதைக் கவனமாகக் கேட்டார்கள். உடனே ஒரு முறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் சாவித்தாள் முறைக்கு மாறினார்கள். ஒழுங்காகப் பயன்படுத்தினால் இன்றைய கணினிகளாலும் உடைக்க முடியாத முறை அது. ஆண்டுக்கணக்கில் எதிரியின் தபாலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு துறை, ஒரு பிற்பகல் பேச்சால் குருடாயிற்று. கைதட்டியவர்கள் யாரும் அதற்கு விலை கொடுக்கவில்லை.

அதே பிரிட்டன் பத்து வருஷம் முன்னால் இதைவிடச் சமர்த்தாக இருந்தது. 1917ல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் மெக்சிகோவுக்கு அனுப்பிய தந்தியைப் பிடித்தது. அமெரிக்காவைப் போருக்குள் இழுக்க அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. சிக்கல் என்னவென்றால், தந்தி கிடைத்ததே அமெரிக்காவின் சொந்தக் கம்பியை ஒட்டுக்கேட்டதால்! அட்மிரல் ஹால் அவசரப்படவில்லை. மெக்சிகோ தந்தி அலுவலகத்திலிருந்து அதே செய்தியின் இன்னொரு பிரதியை வாங்கி, அங்கேதான் கிடைத்தது என்பதுபோல் காட்டிக்கொடுத்தார். மார்ச் 1 அன்று பத்திரிகைகளில் வந்தது. ஏப்ரல் 6ல் அமெரிக்கா போரில் இறங்கியது. பலனும் கிடைத்தது, வழியும் தப்பித்தது. கார்கிலில் அப்படி மறைக்க வழியில்லை. இரண்டு பேர் போனில் பேசியதை அந்த இரண்டு பேரின் குரலிலேயே போட்டுக் காட்டும்போது எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் நடந்து வந்து சிறுவாச்சூரில்தான் சாந்தமாகி உட்கார்ந்தாள், அதனால்தான் மதுரகாளி என்பார்கள். கண்ணகி சபையில் செய்ததும் ஆதாரத்தை வெளியிட்டதுதான். உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று காட்ட வேண்டுமென்றால் சிலம்பை உடைத்தாக வேண்டும். உடைத்த பிறகு அதை யாரும் காலில் போட முடியாது. எனக்கு இந்தக் கதையில் இப்போது அதிகம் உறுத்துவது வேறு ஆள். பொற்கொல்லன். அரண்மனைக்கு நெருங்கியவன், சபைக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று சொன்னவன். பாண்டியன் சிலம்பை உடைத்துப் பார்க்காமல் அவன் வார்த்தையை எடுத்துக்கொண்டான்.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி: சதாம் அணுகுண்டு செய்ய அலுமினியக் குழாய்கள் வாங்கப் பார்க்கிறார். ஆதாரம், பெயர் சொல்லாத அரசு அதிகாரிகள். அன்று காலையே துணை ஜனாதிபதி டிக் செனி தொலைக்காட்சியில் உட்கார்ந்து, டைம்ஸில் வந்திருக்கிறதே என்று அந்தச் செய்தியைக் காட்டினார். அரசு கசியவிட்டதையே அரசு ஆதாரமாகக் காட்டும் வட்டம். அந்தக் குழாய்கள் அணுகுண்டுக்கானவை அல்ல என்று அமெரிக்க எரிசக்தித் துறை நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த மறுப்பும் ரகசியக் கோப்பில்தான் இருந்தது. அதை யாரும் அந்த அளவுக்கு ஆர்வமாகக் கசியவிடவில்லை.

2003 பிப்ரவரி 5 அன்று ஐநா பாதுகாப்பு சபையில் காலின் பாவெல் இராக் அதிகாரிகள் பேசிய நாடாக்களைப் போட்டார். பார்த்தால் ஜஸ்வந்த் சிங் செய்த மாதிரியே இருக்கும். நாடா நிஜம்தான். ஆனால் ஒரு பேச்சைப் பாவெல் வாசித்துக் காட்டியபோது மொழிபெயர்ப்பில் இல்லாத சொற்கள் சேர்ந்துகொண்டன. பரிசோதித்துப் பாருங்கள் என்று இருந்த இடம், எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆயிற்று. அந்த ஆண்டு ஜூலையில், போர் ஆரம்பித்து ஆயுதம் எதுவும் கிடைக்காத நேரத்தில், செனியின் உதவியாளர் லிபி அதே பழைய ரகசிய மதிப்பீட்டிலிருந்து சில பகுதிகளை ஒரு நிருபருக்குக் கொடுத்தார். ஜனாதிபதியின் அனுமதி இருந்தது என்று பிறகு சாட்சியம் சொன்னார். லிபி தண்டிக்கப்பட்டது வேறு விஷயத்துக்கு, விசாரணையில் பொய் சொன்னதற்கு. சிறைத் தண்டனையை புஷ் ரத்து செய்தார், 2018ல் டிரம்ப் மன்னிப்பே கொடுத்துவிட்டார். அதே போரைத் தடுக்கலாம் என்று நினைத்து, ஐநா உறுப்பு நாடுகளை ஒட்டுக்கேட்கச் சொன்ன ஒரு கடிதத்தை வெளியிட்ட பிரிட்டிஷ் மொழிபெயர்ப்பாளர் கேத்தரின் கன் வேலையை இழந்து, குற்றம் சாட்டப்பட்டு, நீதிமன்றம் வரை போனார். 2004ல் வழக்கைக் கைவிட்டார்கள்.

கார்கிலையும் இராக்கையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. கார்கிலில் ஊடுருவியது அவர்கள், இராக்கில் படையெடுத்தது அமெரிக்கா. ஒன்று உண்மை, ஒன்று பொய். என் பிரச்சினை டீக்கடையில் நின்ற எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும் என்பது. அரசு ஒரு நாடாவைப் போடுகிறது, அதற்கு ஒரு விளக்கம் கொடுக்கிறது, நான் கைதட்டுகிறேன். 1999ல் என் கைதட்டல் சரியாகப் போனது அரசின் யோக்கியதையால். என் புத்தியால் இல்லை.

கார்கிலிலும் முழுக் கோப்பு திறக்கவில்லை. அன்றைய அரசியலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்திருந்தது. ஆதரவை விலக்கியது நம்ம ஊர் ஜெயலலிதா. போர் நடத்தியது ஒரு காபந்து அரசு, தேர்தல் வாசலில் நின்றது. அந்த அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி பாகிஸ்தான் ஏன் பொய் சொன்னது என்பது அல்ல. இத்தனை மலைகளில் இத்தனை பேர் ஏறி உட்காரும்வரை உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதுதான். மே முதல் வாரத்தில் ஊடுருவலை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் படாலிக் பக்கத்து மேய்ப்பர்கள். பெய்ஜிங் ஹோட்டல் அறையில் பேசுவது கேட்ட காதுக்கு, தன் மலையில் பூட்ஸ் சத்தம் கேட்கவில்லை. நாடா வந்த பிறகு பேச்சு முழுக்க ராவின் சாமர்த்தியத்தைப் பற்றி ஆகிவிட்டது. அது திட்டம் போட்டுச் செய்ததென்று நான் சொல்லவில்லை. அப்படி ஆயிற்று, அவ்வளவுதான். செப்டம்பர், அக்டோபரில் தேர்தல் நடந்து அந்தக் கூட்டணி திரும்ப ஜெயித்தது, இந்தமுறை திமுகவோடு.

கேள்வியைக் கேட்டவர் இன்னொரு தமிழர். ஜூலை 29 அன்று அமைத்த கார்கில் மறுஆய்வுக் குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். (1995வரை எங்கள் பெரம்பலூரும் திருச்சி மாவட்டம்தான், அதனால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன். இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா என்றால் பலருக்கு உடனே புரியும்.) ஊடுருவல் அரசுக்கும் ராணுவத்துக்கும் உளவு அமைப்புகளுக்கும் முழு அதிர்ச்சியாக வந்தது என்று அறிக்கை ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். பாதுகாப்பு காரணம் என்று சில பகுதிகளை வெட்டிவிட்டுத்தான் வைத்தார்கள். அதாவது எதிரியின் தவறைக் காட்டும் ரகசியம் சில நாளில் டிவிக்கு வந்தது. நம் தவறைப் பற்றிய ரகசியத்தில் ஒரு பகுதி கறுப்பு மையோடு நின்றுவிட்டது. ஆர்டிஐ போடலாமே என்றால், ரா அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்ற பட்டியலில் இருக்கிறது. போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டில் ரகசிய நீக்கம் செய்யலாம் என்று 2021ல் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை கொண்டுவந்தது. அந்தக் கணக்கில் கார்கிலுக்கு 2024லேயே வயது வந்துவிட்டது.

மே 29 என்ற தேதிக்குத் திரும்ப வருகிறேன். முஷாரஃபும் அஜீஸும் இரண்டாவது தடவை பேசிய அதே நாள், படாலிக்கில் 14,000 அடி உயர ஜுபார் மலையில் ஏறிய 1 பீகார் ரெஜிமென்ட் மேஜர் மாரியப்பன் சரவணன் கொல்லப்பட்டார். வயது 26. ராமேஸ்வரத்தில் பிறந்து திருச்சிக்காரராக வளர்ந்தவர். உடலை உடனே எடுத்துவர முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அந்தச் சரிவிலேயே கிடந்தது. ஜூன் 11 அன்று நாங்கள் டீக்கடையில் விசில் அடித்தபோதும் அங்கேதான் இருந்தது. ஜூலையில்தான் திருச்சிக்கு வந்தார். வீர் சக்ரா கொடுத்தார்கள், திருச்சியில் நினைவுச் சின்னம் வைத்தார்கள். சிறுவாச்சூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் பல தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். நாடாவின் எழுத்து வடிவத்தை முழுசாகப் படித்த பிறகுதான் இரண்டு தேதியும் ஒன்று என்று தெரிந்தது. அன்றைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த மலையில் அவரை எதிர்த்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவரை அனுப்பியவர்களுக்கு எவ்வளவு தெரியும்? எனக்குப் படிக்கக் கிடைக்க வேண்டிய ரகசியம் அதுதான். முஷாரஃப் என்ன பேசினார் என்பது எனக்கு மனப்பாடமாகவே ஆகிவிட்டது.

மிலிட்டரி தாத்தாவை அவருடைய கடைசிக் காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அதுவும் வெள்ளிக்கிழமைதான், தெருவில் கோயில் கூட்டம். 99ல் நீங்கள் சொன்னது இப்போதுதான் புரிகிறது தாத்தா என்றேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. பேச்சு 71 போர் பக்கம் போயிற்று. அப்போது அவர் வயர்லெஸ்ஸில் உட்கார்ந்திருந்தார் என்பது தெருவுக்கே தெரியும், ஆனால் என்ன கேட்டார் என்று யாரிடமும் சொன்னதில்லை. "இப்பவாச்சும் சொல்லுங்க தாத்தா, அம்பது வருஷம் ஆகப்போகுது, எவன் கேக்கப்போறான்" என்றேன்.

கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைன் நல்லா கிளியரா இருந்துச்சுடா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.